இமயன் கட்சி

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால்
சரக்கு ரயில் போய் முடிய
ஒரு விளம்பர இடைவேளை ஆகும்.
மதியச் சோற்றுக்கு எங்களுக்குக் கிடைப்பதோ
அப்படி நாலைந்து இடைவேளை.
பர்வீன் போனை நூல்கண்டில் சாய்த்துவைத்து
நேற்று விட்ட இடத்தைத் தேடுவாள்.

'மழை விடுமுறை.'
பன்னிரண்டாம் வகுப்பு, பி பிரிவு.
தாரிகா என்றொரு பெண்.
பேசாமல் பார்க்கிற இமயன்,
பார்க்காமல் பேசிக்கொண்டே இருக்கிற ரோஷன்.

நான் இமயன் கட்சி.
ஜெசிந்தா ரோஷன் கட்சி.
பர்வீனுக்குக் கட்சி கிடையாது,
போன் அவளுடையது.

நாங்கள் தைப்பது பள்ளிச் சீருடை.
நாளைக்கு நாற்பது பினாஃபோர்,
மே கடைசியில் அறுபது.
தாரிகா மழையில் நின்று அழுதாலும்
அவள் மடிப்பு ஒன்றுகூடக் கலையாது.
"எந்தத் துணிடி அப்படி நிக்கும்?
இஸ்திரி போட்டு ஊசி குத்தி வெச்சிருக்கானுங்க"
என்பாள் ஜெசிந்தா,
மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

சூப்பர்வைசர் மகிமைதாஸ் கத்துவார்.
கத்திவிட்டுப் போகாமல் முதுகுப்பக்கம் நிற்பார்.
"அந்தப் பையன் லெட்டரைக் குடுத்தானா, இல்லியா?"

தாரிகா தன் குடையை
ரோஷன் பெஞ்சில் வைத்துவிட்டுப் போன அன்று
ஜெசிந்தா விசில் அடித்தாள்.
நான் ஏதோ சொன்னேன்.
அவளும் சொன்னாள், என் அம்மாவையும் சேர்த்து.
பதினோரு நாள் பேச்சில்லை.
"பர்வீன், அவகிட்ட கத்திரிக்கோலை குடுக்கச் சொல்லு."
"பர்வீன், வந்து எடுத்துக்கச் சொல்லு."
இரண்டடி தூரம்.

இமயனிடம் என்ன கண்டாய் என்று
பன்னிரண்டாம் நாள் கேட்டாள்.
பஸ் போன பிறகும் நிற்கிறானே, அது, என்றேன்.
மீதியைச் சொல்லவில்லை.

ப்ளஸ் ஒன் பாதியில் படிப்பை நிறுத்திய வாரம்
இதே கேட்டுக்கு அந்தப் பக்கம்
என் வகுப்புப் பையன் ஒருத்தன்
சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.
நடுவில் சரக்கு ரயில்.
வேகன்களின் இடைவெளியில்
அவன் வாய் துண்டு துண்டாக அசைந்தது.
கேட் திறந்ததும்
ஆட்டோ, தண்ணி லாரி, ஸ்கூல் வேன் எல்லாம்
ஒருசேரப் பாய்ந்தன.
அவ்வளவுதான்.
கெமிஸ்ட்ரி நோட்டைத் திருப்பிக் கேட்டிருப்பான்.
அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில்
ஜெசிந்தாவைப் பெண் பார்த்தார்கள்.
மாப்பிள்ளைக்கு ஐஸ் பேக்டரியில் வேலை,
கை மட்டும் எப்போதும் சில்லென்று இருக்குமாம்.
இவள் இரண்டு போண்டா தின்றாள்.
புடவை என்ன கலர் என்று கேட்டாள்.
சரி என்றாள்.
ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு சொட்டு வெட்கமும்.

திங்கட்கிழமை
ரோஷனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.
நடித்த பையனுக்கு சினிமா கிடைத்துவிட்டதாம்,
ஏர்போர்ட்டில் முதுகை மட்டும் காட்டினார்கள்.
அந்த முதுகுகூட வேறு யாருடையதோ.
ஜெசிந்தா மிஷின் மேல் தலையைக் கவிழ்த்து
அழுதாள் பாருங்கள்,
பாபின் பெட்டி குலுங்கியது.
மகிமைதாஸ் ஃபேனைப் பெரிதாக வைத்தார்.

ஜெயித்தது என் கட்சி.
ஜெயித்தவள் என்ன செய்ய வேண்டுமென்று தெரியாமல்
வெட்டிப்போட்ட நீலத்துணி ஒன்றை நீட்டினேன்.
துடைத்தாள். சாயம் கன்னத்தில் ஒட்டியது.
"ஒரு வார்த்தை சொல்ட்டுப் போனா
இன்னாவாம்டி அவனுக்கு?
ஒரே ஒரு வார்த்தை."

சாயங்காலம் கேட் போட்டிருந்தது.
மணலிப் பக்கத்துக் காற்று,
வழக்கமான கேஸ் நாற்றம்.
மூன்று பேரும் வரிசையாக நின்றோம்.
நான் வேகன்களை எண்ணவில்லை,
நடுவில் இருந்த சந்துகளை எண்ணினேன்.
நாற்பத்தியொன்று.

"நாளைக்கும் பாக்கணும்" என்றாள் ஜெசிந்தா.
"உன் ஆளுதான் இல்லியே" என்றாள் பர்வீன்.
"இல்லாட்டி போறான்.
தாரிகா தனியா இருப்பா இல்ல?"