சிறிய பெஞ்சுகள்

வேப்பனப்பள்ளி தாண்டி, தொட்டகானப்பள்ளியில்
போன ஜூனில் பூட்டிய பள்ளிக்கூடத்தைத்தான்
கூட்டத்துக்காகத் திறந்தார்கள்.
கடைசி வருடம் இரண்டு பிள்ளைகள் மிச்சம்.
ஒன்றின் அப்பாவுக்கு ஓசூரில் வேலை நிரந்தரமானது.
இன்னொன்று தனியாக உட்கார மாட்டேன் என்று அழுதது.

குப்பத்திலிருந்து ஓர் அதிகாரி,
கோலாரிலிருந்து ஒரு டாக்டரம்மா,
நம் தாசில்தார்,
மூவரும் இரண்டாம் வகுப்பு பெஞ்சில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள்.
நான் வராந்தாவில், ரத்த அழுத்தக் கருவியோடு.
என் நோட்டில் இந்த ஊருக்கு அறுபத்து மூன்று பெயர்,
எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள்.
பெட்டிக்கடை வெங்கடேசலுவுக்கு ஐம்பத்தெட்டு.
இளவட்டம் என்றால் இங்கே அவர்தான்,
சாமி தூக்க, பிணம் தூக்க, சிலிண்டர் தூக்க.

முனிசந்திரப்பாவின் வீடு தமிழ்நாடு,
மாந்தோப்பு ஆந்திரா.
தோப்பில் விழுந்தார், வைகாசியில், இடுப்பெலும்பு.
ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் போட்டேன்.
பிடித்ததோ கர்நாடகத்து டவர்.
எந்த ஊர் என்று அவர்கள் கன்னடத்தில் கேட்க
அவர் தெலுங்கில் முனக
நான் தமிழில் கத்த,
மாங்காய் ஏற்ற வந்த டெம்போ
யாரையும் எதுவும் கேட்காமல் பின்கதவைத் திறந்தது.
கூடைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு போனார்.
சட்டையில் பால் கறை இன்னும் போகவில்லை.

உள்ளே பேசினார்கள்.
உதவித்தொகை மூன்று பக்கமும் மூன்று தொகை.
சக்கம்மாவின் பெயர் இரண்டு பட்டியலில் இருந்ததாம்;
இரண்டு பேருமே அடித்துவிட்டார்கள்.
திரும்பச் சேர்க்கலாம் என்றால் மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை.
நாற்பது வருடம் புளி தட்டிய விரல்,
ரேகை என்று ஒன்றும் இல்லை.
எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தோம், எண்ணெய் தடவிப் பார்த்தோம்.
மனுஷிக்குத் தேய்ந்துபோன கோடு
மண்ணுக்கு மட்டும் தேயாமல் இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தார்கள்:
இந்தக் கட்டடத்தைப் பகலில் பெரியவர்களுக்கு விடலாம்,
மூன்று பக்கத்து ஆட்களும் வரலாம்.
கரண்ட் நம்முடையது, தண்ணீர் அவர்கள் போரிலிருந்து,
வியாழக்கிழமை கோலாரிலிருந்து பிசியோதெரபி.
யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதற்கு
நாற்பது நிமிடம் போனது.
மின்விசிறி நின்றது.
டாக்டரம்மா ஃபைலால் விசிறிக்கொண்டே
பாசி பிடித்த கரும்பலகையைப் பார்த்தார்.
அதில் தேதி இருந்தது. வருகை: 2.

சரி, சமைக்க, குளிப்பாட்ட, கூடவே இருக்க
ஆள் வேண்டுமே என்றார் குப்பத்துக்காரர்.
ஊரில் தேடினால் கிடைக்காது.
பேரிகை ரோஜாப் பண்ணையிலிருந்து
பசந்தியை அழைத்து வந்தார் வெங்கடேசலு.
ஒடிசாப் பெண், முப்பது இருக்கும்,
விரலெல்லாம் முள் கீறல்.
சம்பளம் சொன்னார்கள், தலையாட்டினாள்.
மூன்று பாஷையிலும் ஆளுக்கு ஒரு சோறு சொல்லத் தெரியுமா என்றார்கள்,
அன்னம், அன்ன, சோறு என்று சிரித்தாள்.

பிறகு கேட்டாள்,
"சார், உங்க மீட்டிங்ல கஞ்சாம் ஜில்லா இருக்கா?"
எதற்கு என்றார் தாசில்தார்.
"அங்கே என் அம்மா ஒத்தையா இருக்கு.
தலை சுத்துது சொல்லுது, போன்ல."

அது பார்டர் இல்லையேம்மா, ரொம்ப தூரம், என்றார் அவர்.
தப்பாகச் சொல்லவில்லை.
நல்ல மனுஷர்தான்.
கூட்டம் முடிந்தது என்று எழப் பார்த்தார்,
பெஞ்சு விடவில்லை, கால் மரத்துவிட்டது.
பசந்தி கை கொடுத்துத் தூக்கினாள்.

நான் நோட்டைப் பிரித்தேன்.
அதிகாரம் இல்லை, கட்டம் மட்டும் காலியாக இருந்தது.
அறுபத்து நான்கு.
பெயர் சாபித்ரி. ஊர் கஞ்சாம்.
அழுத்தம் என்ற இடத்தில்
இன்னும் பார்க்கவில்லை என்று எழுதி
பேனாவை மூடாமல் வைத்திருந்தேன் கொஞ்ச நேரம்.