ஒரு பிடி

மருந்துச் சீட்டின் பின்புறம்
டொக்டர் இதயம் வரைந்தார்.
நாலு காம்பரா, நாலு கதவு.
இடப்பக்கத்துக் கதவொன்று
சரியாகத் திறப்பதில்லை என்றார்.
சின்ன வயதில் வந்த காய்ச்சல், மூட்டு வீக்கம்,
மாதா மாதம் போடாமல் விட்ட ஊசி.
எனக்கு விளங்கியது.
ஆடி மழைக்கு எங்கள் லயத்துக் கதவு
ஊறி இறுகிக்கொள்ளும்.
தோளால் இடித்துத்தான் உள்ளே போவோம்.
இத்தனை வருசமும் தவமலர்
உள்ளுக்குள் இடித்துக்கொண்டே
மலை ஏறியிருக்கிறாள்.
மூச்சு வாங்குது என்றவளிடம்
வெத்திலையைக் குறை என்று சொன்னவன் நான்.

சிங்களத் தாளில் கையெழுத்து வைத்தேன்.
பக்கத்துக் கட்டில் குசுமாவின் மகன்
வாசித்துச் சொன்னான்.
ஒரு வரியை மட்டும் தாண்டிப் போனான்.
நானும் கேட்கவில்லை.

கொழுந்து வாட்டும் மாடியில்
எனக்கு இருபது வருச வேலை.
இங்கேயும் வாட்டு என்றுதான் சொல்கிறார்கள்.
வரிசையாய்ப் பரப்பி வைத்து
மேலே காற்றாடி.
அங்கே தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவேன்
இன்னும் எத்தனை மணி என்று.
இங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்.
வாயில் குழாய், விலாவில் குழாய்.
தொட விடவில்லை.

அதற்கு முன்பு அந்த ஆறு மணித்தியாலம்.
கண்டி ஆஸ்பத்திரி வாசலில்
தேத்தண்ணி வாங்கி ஒரு வாய் குடித்தேன்.
தூள் சரியில்லை, கூடப் புளித்துவிட்டது
என்றது நாக்கு.
அவள் நெஞ்சு திறந்து கிடக்கிற நேரத்திலும்
நாக்கு தன் வேலையைப் பார்த்தது.
மிச்சத்தைக் கானில் ஊற்றினேன்.

வீட்டுக்கு வர வேன் பிடிக்க
மரண சகாய சங்கத்தில் கேட்டேன்.
செத்திருந்தால் சும்மா தந்திருப்பார்கள்.
பிழைத்ததால் கடன்.
மாதம் இரண்டாயிரம்
சந்தோசமாகக் கட்டுகிறேன்.

கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை.
தலையணையை நெஞ்சோடு இறுக்கி
அவள் கண்ணை மூடியிருந்தாள்.
நான் ரோட்டை வாசித்துக்கொண்டு வந்தேன்:
இப்ப வலது.
இப்ப இடது.
இப்ப ஒரு பள்ளம், பிடிச்சுக்க.

ஆறு வாரம் கை உயர்த்தக் கூடாது.
அதனால் தலை வாருவது நான்.
மூன்று கால் பின்னலில்
மூன்றாவது கால்
ஒவ்வொரு முறையும் எங்கோ போய்விடுகிறது.
கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறாள்,
சிரித்ததும் வலிக்கிறது,
வலித்ததும் ஏசுகிறாள்.
படங்கு கட்டி இறுக்குகிற மாதிரி
மயிரை இறுக்காதீங்க.

ராத்திரி
பக்கத்துக் காம்பரா டீவி அடங்கிய பிறகு
கேட்கத் தொடங்குகிறது
டிக், டிக்.
அம்மாவுக்குள்ள மணிக்கூடா என்கிறாள் மகள்.
அவள் தூங்கிவிட்டாள்.
நான் தூங்காமல் எண்ணுகிறேன்.
எழுபத்தெட்டு. எண்பத்தொன்று.
எங்கேயோ ஒன்று தவறியது போல இருந்தது,
எண்ணியது நான்தான் தவறினேனோ.
இருட்டுக்குள் அவள் சொல்கிறாள்:
கணக்கப்புள்ள, படுங்க.

இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை.
கீரை சாப்பிடலாம் என்றார் கிளினிக் மிஸ்,
ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு.
இன்று கூடினால் இரத்தம் தடிக்குமாம்,
நாளை குறைத்தால் இளகுமாம்.
இதைச் சொன்னால் லயத்தில் யார் கேட்கிறார்கள்.
தெய்வானை அக்கா
மடி நிறைய வல்லாரை கொண்டுவந்து கொட்டுகிறார்,
இரத்தம் ஊறட்டும் என்று.

நான் ஒரு பிடி அள்ளி நீட்டுகிறேன்.

இருபத்தாறு வருசம்
சாக்குக்கு இரண்டு கிலோ,
ஈரத்துக்கு ஒன்று என்று
தராசு கழித்துக்கொண்டே இருந்தது.
அவள் கைக்கு எப்போதும் தெரியும்
உண்மையில் எவ்வளவு இருந்தது என்று.

இஸ்தோப்பில் உட்கார்ந்தபடி
என் உள்ளங்கையைப் பார்த்தாள்.
கூடிருச்சு என்றாள்.
மூன்று இலையை எடுத்துத் தட்டில் போட்டாள்.
யோசித்து
ஒன்றைத் திருப்பி வைத்தாள்.