மணி என்று பொருள்

கதவைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.
புளித்த பாலும் ஈரச் சாக்கும் கலந்த வாடை.
மறுபடியும் காது.
மேசைக் காலில் தலையைத் தேய்த்துத் தேய்த்து
அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் போய்
மரம் வெளுத்துக் கிடக்கிறது.

இரண்டு வருஷத்தில் ஏழாவது தடவை.
ஜன்னல் விளிம்பில் காலிச் சொட்டுமருந்துக் குப்பிகள்;
ஒன்றில் குவால்ட்டர் ஆணி போட்டு வைத்திருக்கிறான்.
பத்து நாள் ஊற்றுவோம், பத்து நாள் துடைப்போம்,
மூன்று வாரம் நாய் நாயாக இருக்கும்.
பிறகு ஒரு மழை.
சாவோ ஜார்ஜ் தீவில் மழைக்குச் சொல்லவா வேண்டும்.

டாக்டர் இட்டால்வினா படம் போட்டுக் காட்டினாள்,
பால் சங்கத்து ரசீதின் பின்பக்கத்தில்.
இதுதான் காதுக் குழாய். தடித்துக் கல்லாகிவிட்டது.
மருந்து இனி உள்ளே இறங்காது.
குழாயையே எடுத்துவிட்டால் வலி போய்விடும்.
கேள்வியும் போய்விடும்.
இரண்டு காதுமா என்றேன்.
இரண்டும் என்றாள், பேனாவை மூடிக்கொண்டே.

சினோ என்று பேர் வைத்தது நான்தான்.
எங்கள் பேச்சில் மணி என்று பொருள்.
குட்டியில் அதன் குரைப்பு அப்படி இருந்தது.

விசில் கேட்காத நாயை வைத்துக்கொண்டு
பதினாறு மாட்டை எப்படி மேய்ப்பது
என்கிறான் குவால்ட்டர்.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
தன் முழங்காலுக்கே ஆபரேஷன் வேண்டாமென்று
மூன்று வருஷமாய் நொண்டுகிறவன்.
பக்கத்து வீட்டு எவுஃபேமியா
எட்டு வயசாகிவிட்டதே, ஒரு ஊசி போட்டால், என்று தொடங்கி
முடிக்காமல்
இன்னொரு அத்திப்பழம் எடுத்துக்கொண்டாள்.

ராத்திரி மூன்று மணிக்கு
பின்னங்கால் காதைச் சொறிந்து சொறிந்து
தரைப்பலகையில் தட்டும்.
அந்தச் சத்தம் அதற்கு எப்படிக் கேட்கிறதோ.
எங்களுக்கு நன்றாகக் கேட்கிறது.

வியாழக்கிழமை, மேல் மேய்ச்சல், முழங்கால்வரை பனி.
கற்சுவருக்குப் பின்னாலிருந்து குவால்ட்டர்
இரண்டு விரல் வைத்து நீளமாய் விசிலடித்தான்.
இடதுபக்கம் வளை என்று அர்த்தம்.
முதலில் திரும்பியது மல்யாடா, எங்கள் புள்ளிப் பசு.
அதன் காது அசைவதைப் பார்த்துவிட்டுத்தான்
சினோ இடதுபக்கம் ஓடியது.

மாடுகளை ஓட்டிவிட்டு
வெறும் புல்வெளியில் இன்னொரு முறை அடி என்றேன்.
நாய் எங்களுக்கு முதுகு காட்டி
வேலிப் பூச்செடி வேரை மோந்துகொண்டிருந்தது.
அடித்தான்.
மறுபடி அடித்தான், உதடு சிவக்க.
அது மோந்துகொண்டே இருந்தது.
தற்செயலாய்த் திரும்பியபோது நான் கையை வீசினேன்.
பறந்து வந்தது.

எப்போதிலிருந்து?
போன கோடைத் திருவிழா வாணவேடிக்கைக்கு
கட்டிலுக்கடியில் ஒளியாமல் வாசலில் படுத்திருந்ததே,
தைரியம் வந்துவிட்டது என்று
ஊரெல்லாம் பெருமையடித்தோமே.
விசிலைக் காப்பாற்றத்தான் இவ்வளவு யோசித்தோம்.
மிச்சம் இருந்தது வலி மட்டும்.
குவால்ட்டர் விரலைக் கால்சட்டையில் துடைத்தான்.
ஒன்றும் பேசாமல் சரிவில் இறங்கினான்,
நல்ல காலை முன்னே வைத்து.

படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
மயக்கத்திலிருந்து எழாமல் போகலாம் என்று ஒரு வரி.
முகம் ஒருபக்கம் தொங்கலாம் என்று ஒரு வரி.
எல்லா வரியையும் இரண்டு தடவை படித்தேன்.
பக்கத்துத் தீவுக்குச் செவ்வாய்க் கப்பலில் இடம் சொல்லியிருக்கிறேன்,
நாய்க்குத் தனிக் கட்டணம்.
வேண்டாமென்றால் திங்கள் மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

செலவு ஒன்றரைக் கன்று விலை.
விற்கத்தான் வேண்டுமா என்று கேட்பான்,
என்ன பதில் சொல்வது என்று
சூப்பைக் கிண்டியபடி தயாராக நின்றேன்.
குவால்ட்டர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டு
எந்தக் கன்று என்று கேட்டான்.

மேசை லேசாக ஆடியது.
கீழே, தேய்த்துக்கொண்டிருந்தது.