மூலம், முதல் தரம்

பதினொரு வருடம்
தொலைபேசியில் மற்றவர்களின் குடலை மொழிபெயர்த்தவள் நான்.
டாண்டினோங்கில், சமையலறை மேசையில்,
காதில் கருவி, கையில் பேனா,
பலகையில் பாதி அரிந்த வெண்டைக்காய்.

ஆசனவாய் என்றால் சிலருக்கு விளங்காது.
யோகாசனம் என்று நினைத்தார் ஒருவர்.
பின்பக்கம் என்றேன். மறுமுனையில் இருமல்.
"அது விளங்கிட்டுது தங்கச்சி, மேலே சொல்லுங்கோ."

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு
அரசாங்கம் தபாலில் அனுப்பிய பரிசு:
இரண்டு குச்சி, இரண்டு குப்பி.
இரத்தம் தெரிகிறது என்று வந்த பதிலை
நாலு தரம் படித்து
அரிசிப் பேணிக்குக் கீழே வைத்தேன்.

பிறகு அந்த எலுமிச்சை உப்புத் தண்ணீர்.
விடியும்வரை நானும் குளியலறை விளக்கும்.
புற்று என்ற சொல்லையே சுற்றிச் சுற்றி வந்தேன்.
உள்ளே பாம்போ, வெறும் மண்ணோ,
யாராவது கை விட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

மயக்கம் தெளிய, தட்டில் இரண்டு பிஸ்கட்.
டாக்டர் கொஸ்டாகிஸ் கேட்டார்:
"மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?"
வேண்டாம் என்று சிரித்தேன்.
அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டினேன்.
ஒரு சொல் உள்ளே போகவில்லை.

குகமலர் கார் ஓட்ட, தாளை விரித்து
யாரோ ஒருத்திக்குப் போல எனக்கே சொன்னேன்,
கூட்டாமல், குறைக்காமல், தொழில் முறைப்படி:

பெருங்குடல் சுவரில் சிறு பைகள், ஐந்தோ ஆறோ,
வயது தைத்துவிட்ட சட்டைப் பைகள்
(இல்லை, அது தாளில் இல்லை, மன்னிக்கவும்).
ஆசனவாய் ஓரம் சின்னக் காம்பு ஒன்று. தீங்கற்றது.
உள்மூலம், முதல் தரம்.
இரத்தம் அங்கிருந்துதான்.

"முதல் தரமோ?" என்றாள் குகமலர்.
"சங்கீதச் சோதனையில்கூட நீ இரண்டாம் தரம்தானேயடி."

சிரித்த சிரிப்பில்
ஆஸ்பத்திரி ஊதிய காற்றெல்லாம் பிரிந்தது.
அவள் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை இறக்கினாள்.
சிவப்பு விளக்கில் பக்கத்து லொறிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

மூலத்தை மாற்றாதே என்று
பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தந்தார்கள்.
மாற்றவில்லை.
தீங்கற்றது என்பதை மட்டும்
இன்னொரு தரம் சொன்னேன், சத்தமாக.
எத்தனை பேருக்கு அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
அடுத்த வாக்கியத்துக்குத் தாவியிருக்கிறேன்.
அவர்கள் இன்னும் இந்தச் சொல்லிலேயே
நின்றுகொண்டிருந்திருப்பார்கள்.

கடைசி வரி: நார்ச்சத்து கூட்டவும்.
தமிழ்க் கடையில் இறங்கினோம்.
வாழைத்தண்டு, ஒரு முழம், ஒன்பது டொலர்.
"இதுக்குத் தமிழில் என்ன?" என்றாள்.
அநியாயம் என்றேன்.
இரண்டு வாங்கினேன்.