இருப்புப் பதிவேடு

பத்து மாத்திரை அட்டையில்
ஒரு குழி காலி.
இரவு பதினொன்றரைக்குக் கொருக்குப்பேட்டை கேட்
சரக்கு ரயிலுக்காக இறங்கியபோது
தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.

ஏப்ரலில் தேர்வு.
மருந்து ஆய்வாளர் பணி.
சீட்டு இல்லாமல் இதையெல்லாம் விற்கும் கடைகளைப்
பூட்டி முத்திரை வைக்கிற வேலை.
சிரிக்க வேண்டாம்,
நானே சிரித்து முடித்துவிட்டேன்.

உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.
மூன்றாம் ஆண்டு வாய்மொழித் தேர்வில்
பத்துக்கு ஒன்பது வாங்கித் தந்த பதில் அது.
ஒரு நரம்பின் முனை டோபமினைத் தெளிக்கும்.
எதிரே இருப்பது நனையும்.
நனைந்தது போதும் என்றானதும்
தெளித்த முனையே மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும்.
அந்த உறிஞ்சும் வாயில் போய்
உட்கார்ந்துகொள்கிறது மாத்திரை.

அதாவது, கேட் விழுந்துவிட்டது.
ஷேர் ஆட்டோ, ஐஸ் ஏற்றிய மீன்பாடி வண்டி,
சீரியல் பல்பு கட்டிய கல்யாண வேன்,
குறுக்கே நுழைந்த ஒரு பைக்.
கூட்டம் அதே கூட்டம்தான்,
ஒரு ஆள்கூட அதிகமில்லை.
கலையவில்லை, அவ்வளவே.
மூளைக்குள் இதற்குக் கவனம் என்று பெயர்.

ஒரு மணிக்கெல்லாம் வந்துவிட்டது கவனம்.
எதன் மேல் உட்கார வேண்டும் என்று
அதனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.
இருமல் மருந்துகளைக் காலாவதி மாதப்படி அடுக்கினேன்.
லேபிள்கள் முன்பக்கம் பார்க்கத் திருப்பினேன்.
முதலாளியின் பழைய பில் கட்டில்
மூன்று ரூபாய் கூட்டல் பிழையைக் கண்டுபிடித்து
உலகத்தையே திருத்தியவள்போல் நிமிர்ந்தேன்.
விதி அறுபத்தைந்து
மேசைமேல் மல்லாந்து கிடந்தது.

இரண்டு மணி பத்து நிமிடம். தேசப்பன்.
மனைவிக்குத் தைராய்டு மாத்திரை வாங்க வருகிற
ட்ரெய்லர் ஓட்டுநர்.
"எண்ணூர் ரோட்ல மூணு நாளா லைன்லயே கீறேன்க்கா.
கண்ண மூடுனா முன்னாடி பூந்துர்றானுங்க.
தூக்கம் வராத மாரி எதுனா குடு."

"சீட்டு இருக்கா?" என்றேன்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி
வார்த்தை பிய்ந்து வந்தது.
இரவுச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது.

அவர் அந்த டப்பாவைப் பார்த்தார்.
பிறகு என் கண்களை.
"சரி.
உனுக்கு யாரு எழுதிக் குத்தாங்க?"

மிட்டாய் இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.
சில்லறை கேட்கவில்லை.

அடினோசின் என்று ஒன்று உண்டு.
விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும்
மண்டைக்குள் கொஞ்சம் சேரும்.
எங்கள் தெருவில் சொன்னால் தண்டல்.
டீ என்ன செய்கிறது?
தண்டல்காரர் உட்காருகிற நாற்காலியில்
முந்திக்கொண்டு உட்கார்கிறது.
அவர் கோபிப்பதில்லை,
வாசலில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார்.
மாத்திரை இன்னும் நாசூக்கு.
கதவு தட்டுவது கேட்காதபடி
வீட்டுக்குள் டிவியைச் சத்தமாக வைக்கிறது.
அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை.
ஒன்பது மதிப்பெண் பதிலில் இது இல்லை,
ஒரு மதிப்பெண் இங்கேதான் போயிருக்கும்.

நாலரைக்குப் பதிவேட்டைத் திறந்தேன்.
எண்ணிக்கை: 1.
வாங்கியவர்: செ. ஜெசிந்தா.
எழுதிக் கொடுத்த மருத்துவர்:

வெளியே கேட் ஏறியது.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரே நேரத்தில் பாய்ந்து
தண்டவாளத்தின் நடுவில்
மூக்கோடு மூக்கு முட்டி நின்றன.
யாரும் யாருக்கும் வழி விடவில்லை.
நெற்றிப்பொட்டில் அத்தனை ஹாரனும்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.
மின்விசிறி ஐந்தாம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.
அதன் மூன்று இறக்கைகளையும்
தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.