ஒன்றரை மீட்டர்

நகராட்சி எனக்குக் கொடுத்தது
ஒரு பச்சைச் சட்டை, எழுதும் அட்டை,
ஐந்து மீட்டர் அளவுநாடா.
லிஸ்பனுக்கு வெளியே அமதோராவில்
நெடுஞ்சாலை வளைகிற சரிவில்
அறுபத்திரண்டு பாத்திகள்,
ஒரே அளவு, ஒரே கொட்டகை, ஒரே பூட்டு.
விதி ஒன்பது:
எந்தச் செடியும் ஒன்றரை மீட்டருக்கு மேல்
வளரக் கூடாது.

செடிகளிடம் இதைச் சொல்லும் வேலை
என்னுடையது.

இதே சரிவில் முன்பு
யாரையும் கேட்காமல் விதைத்தவர்கள் இவர்கள்.
கேப் வெர்டித் தீவுகளிலிருந்து வந்து
கட்டிடம் கட்டியவர்கள், கட்டிடம் துடைத்தவர்கள்.
கட்டில் கால், கதவு, உடைந்த குளியல் தொட்டி
எல்லாம் சேர்ந்து வேலி.
அதற்குள் ஆளை மறைக்கும் மக்காச்சோளம்.
புல்டோசர் வந்த அன்று நான் விடுப்பில் இருந்தேன்.
யாரும் கேட்பதற்கு முன்பே
இதைச் சொல்லிவிடுகிறேன், எப்போதும்.

முப்பத்தேழாம் பாத்தி, தொமிங்காஸ் வரேலா.
இரவெல்லாம் வங்கி ஒன்றின் தரையைத் துடைத்துவிட்டு
ஆறரைப் பேருந்தில் நேராக இங்கே இறங்குவாள்.
எப்போதுதான் தூங்குவீர்கள் என்றேன்.
மழை நாளில் என்றாள்.

முதல் ஆண்டு அவள் சோளம்
இரண்டு மீட்டர் பத்து.
எச்சரிக்கைக் கடிதத்தைப் பிரிக்காமலே
நாலாக மடித்து
ஒழுகும் குழாயில் செருகினாள்.
ஒழுகல் நின்றது.
அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

"சோளம் இல்லாமல் பீன்ஸ் எதைப் பிடித்து ஏறும்?
பீன்ஸ் இல்லாமல் கசூபா எப்படிக் கொதிக்கும்?
கசூபா இல்லாத ஞாயிறு
சனிக்கு அடுத்த நாள், அவ்வளவுதான்."
பக்கத்துப் பாத்தியில், சதகுப்பைக்கு நடுவிலிருந்து
உக்ரைன்காரி ஹலினா பலமாகத் தலையாட்டினாள்.
ஒரு சொல் புரிந்திருக்காது அவளுக்கு.

இரண்டாம் ஆண்டு மார்ச்சில்
தொமிங்காஸ் குழி பறித்தாள்.
ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை
பாத்தி முழுக்க, தொடையளவு.
மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி
அடிமண்ணைக் கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்து
பதினொரு காலைகள்.
ஒன்பதாம் காலை மண்வெட்டியில் ஏதோ இடறியது.
ஒரு கட்டில் கால்.
முந்தானைத் துணியால் அதைத் துடைத்தாள்,
என்னைப் பார்க்காமல்
கொட்டகைக்குள் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தாள்.

ஆகஸ்டில் அளக்கப் போனேன்.
பாதையில் நின்றால்
என் சட்டையின் இரண்டாம் பொத்தானை உரசுகிறது தோகை.
குழிக்குள் அவள்,
தலைத்துணி மட்டும் தெரிகிறது.
விதி ஒன்பதைப் படித்தேன்.
மறுபடி படித்தேன்.
எங்கிருந்து அளப்பது என்று
எழுதியவர்கள் எழுதவில்லை.

நாடாவின் நுனியைப் பாதையில் வைத்து
செருப்பால் மிதித்துக்கொண்டேன்.
ஒரு மீட்டர் நாற்பத்தெட்டு.
"சத்தமாகச் சொல்லு" என்றது குழி.
சொன்னேன்.
லாரி ஒன்று கடந்ததால் இன்னொரு முறையும்.
இருபது வருடமாக அளக்கிறேன்,
இப்படி ஒரு நாளும் அளந்ததில்லை.

அக்டோபர் மழையில் குழி குளமானது.
அதை அவள் யோசித்திருக்கவில்லை, நானும்தான்.
கதிர்கள் அறுவடையாகியிருந்தன,
பீன்ஸ் மூழ்கிக் கிடந்தது.
ஹலினா ஒரு வாளி, கிழவர் ஆர்லிந்து ஒரு வாளி,
நாடா கழுத்தில் தொங்க எனக்கும் ஒன்று.
பாதி அழுகிப் போயிற்று.
தூங்கியிருக்க வேண்டிய நாளில்
முழங்கால் சேற்றில் நின்று
உரக்கச் சிரித்தாள் தொமிங்காஸ்,
எதற்கு என்று சொல்லவில்லை.

அன்பளிப்பு பெறக் கூடாது என்பது
எனக்கான விதி.
வீட்டில் ஈரச் சட்டையைப் பிழிந்தபோது
பையிலிருந்து நான்கு சோள மணிகள் விழுந்தன.

நாலாம் மாடி. பால்கனியில்
கொத்தமல்லி மஞ்சளாகிச் சாகும் தொட்டி.
ஆழம் இருபது சென்டிமீட்டர், காணாது.
நாடாவை மேலே நீட்டினேன்.
கூரை வரை இரண்டு மீட்டர் நாற்பது.
வேறு தொட்டி பார்க்க வேண்டும்.