மெல்லக் கதை

மிருக வைத்தியர் துண்டில் எழுதித் தந்தது
மருந்தில்லை, நாலு வரி.
புறப்பட நாலு மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை நிறுத்தவும்.
அது படுத்த துணியைக் கழுவாமல் கூட்டுக்குள் விரிக்கவும்.
மேலால் மூடவும், காற்று வர இடம் விட்டு.
நாலாவது வரிக்குக் கீழே இரண்டு கோடு:
வாகனத்துக்குள் ஒருவரும் சத்தமாய்க் கதைக்கக் கூடாது.

ஓட்டுகிறவன் என் தம்பி சேயோன்.
பதினொரு மாதமாய் நான்
அவனோடு கதைப்பதே இல்லை.

மூதூர்க் கந்தோருக்கு எனக்கு மாற்றம்.
பூனை என்றதும் வான்காரர் எல்லாரும்
போனை வைத்துவிட்டார்கள். ஆகவே
நிலாவெளியிலிருந்து இவனுடைய கார்.
இவனுடைய என்று சொல்லவும் கூடாது.
என் ஐந்து பவுண் சங்கிலி போன இடம்
இந்த முன்கண்ணாடி, இந்த ஸ்டீயரிங்.
முன்பணம் கட்டிய ரசீதில் அவன் பெயர்,
அடகுச் சீட்டில் என் பெயர்.

மடியில் கூடு. கூட்டுக்குள் தொதல்.
நிறமும் தொதல்தான்.
குக்கர் விசிலடித்தால் அலுமாரிக்கு மேல் ஏறி
மத்தியானம் முழுக்க இறங்காத பிறவி.
அலஸ்தோட்டம் தாண்டவில்லை,
தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எடுத்தது.
பூனைச் சத்தமில்லை அது,
எண்ணெய் கேட்கிற கதவுக் கீல்.

நான் சேர்த்து வைத்திருந்த கேள்வி
அந்த நேரம் பார்த்து வாய்க்கு வந்தது.
கூட்டுப் பக்கம் குனிந்து,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி பருக்குகிற குரலில்,
"தொதல்க் குட்டி, மாமாட்டைக் கேளு,
சங்கிலி எப்ப மீட்கிறாராம்?"

கண்ணாடியில் பார்த்தான்.
கத்தப் போகிறான் என்று கூட்டைக் கட்டிப்பிடித்தேன்.
என்னைவிட மெல்ல,
"தொதல் ராசா, அம்மாட்டைச் சொல்லு,
மாதாமாதம் வட்டி கட்டுறனாம்,
ஒண்டும் பாராமல் ஊரெல்லாம் சொல்லித் திரியிறாவாம்."

"குட்டி, வட்டி சரி, முதல் எங்கயாம்?"

"ராசா, கொழும்பு வேலை போனது அவவுக்குத் தெரியாதாம்."

"ஆர் குட்டி எனக்குச் சொன்னது?"

கள்ளன் என்ற சொல்லை
இவ்வளவு குழைத்துச் சொல்லலாம் என்று
இன்றைக்குத்தான் தெரியும்.
இரவிரவாகத் தீட்டிய வசனங்கள்
மெல்லச் சொல்லப் போக
பாதியில் நொந்து நின்றன.

பஸ் நிலையத்தடியில் மான்கள்.
வீதிக்கு நடுவே நாலு.
ஒன்று லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டு
எங்களைப் பார்த்தது, ஒதுங்கவில்லை.
பின்னால் வந்த பஸ் ஹோர்னை அழுத்தியது.
கூடு என் மடியை விட்டுத் துள்ளியது.
சேயோன் இறங்கிப் போனான்.
சாரதியின் யன்னலடியில் நின்று
இரண்டு கையையும் கூப்பி
"அண்ணை, பூனை" என்றான்.
அவ்வளவுதான்.
பஸ் அடங்கியது.
அந்தக் கும்பிடு எனக்கும் ஒருநாள் வந்திருக்கலாம்,
பதினொரு மாதத்தில்.

சீனக்குடா. மா ஆலை.
ஏசி போட்டால் அந்த இரைச்சலும் அதற்குப் பயம்,
போடாவிட்டால் நாங்கள் அவிய வேண்டும்.
அவிந்தோம்.
கிண்ணியாப் பாலத்தில் காற்று
கதவு இடுக்கால் ஊதிப் பார்த்தது.
துணியின் நுனியை என் காலால் மிதித்துக்கொண்டேன்.
உப்பாறு, கங்கைப் பாலம், இறால்குழி.
எங்கேயோ நடுவில் கூடு ஓய்ந்துவிட்டது.
இரண்டு பேரும் கவனிக்கவில்லை.
ராசா, குட்டி என்று
இன்னும் கதைத்துக்கொண்டே வந்தோம்.

மூதூரில் வாடகை வீட்டுக் கேற்று.
அவன் ஹோர்ன் அடிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தினான்.
துணியை விலக்கினேன்: கம்பிக்கு வெளியே ஒரு கால்,
வாயோரம் ஈரம், நல்ல நித்திரை.
டாஷ்போர்ட்டைத் திறந்து
ஒரு ஷொப்பிங் பையை நீட்டினான்.
வட்டி ரசீதுகள். மடியில் வைத்து எண்ணினேன்.
எட்டு.

"மூண்டு குறையுது" என்றேன், மெல்ல.
"தெரியும்" என்றான், அதைவிட மெல்ல.

காருக்குள் வெக்கை ஏறியது.
கேற்றைத் திறக்க
ஒருவரும் இறங்கவில்லை.